நண்டு மேசையில் தாட்சாயினி

முகமாலைப் பக்கத்தில் கடைசிக் காணியையும் துப்புரவாக்கி, மண்டையோடு கீறிய சிவப்புப் பலகைகளைக் கழற்றி லொறியில் ஏற்றிய நாளில், மிதிவெடி எடுக்கும் பெண்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து அழுதார்கள். காணி கிடைத்த சந்தோசத்தில் உரிமையாளர்கள் வந்து மண்ணைத் தொட்டுக் கும்பிட்டார்கள். பெரியவர்கள் பேசினார்கள், படம் எடுத்தார்கள், சாப்பாட்டுப் பார்சல் கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் பொறுப்பாளர் பெண்களைத் தனியாகக் கூப்பிட்டு, வெளிநாட்டுக் காசு இனி வராது, இந்த அணி இன்றோடு கலைகிறது என்று சொன்னார். தாட்சாயினி மட்டும் அழவில்லை. தலைக்கவசத்தின் கண்ணாடியைத் துடைத்துத் தட்டில் வைத்தாள். பக்கத்தில் நின்றவள், உனக்கு அழுகை வராதா என்று கேட்டாள். வரவில்லை என்றாள் தாட்சாயினி. அது உண்மை.

அவளுக்கு அப்போது நாற்பதை நெருங்கும் வயது. கண்டாவளையில் வீடு. புருசன் விஜிதரனுக்குச் சண்டையின் கடைசி மாதங்களில் இடுப்பெலும்போடு ஒரு எறிகணைத் துண்டு ஏறியது. எடுத்தால் நடை போய்விடும் என்று டொக்டர்மார் அப்படியே விட்டுவிட்டார்கள். பாரம் தூக்க முடியாது, பரந்தன் சந்தியில் ஓட்டோ ஓடுகிறான். ஒரே மகள் தேனுகா. அகதி முகாமிலிருந்து மகளைக் கையில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவர்களுக்கு முன்னால், மாதம் பிறந்தால் சம்பளம் தருகிற வேலையாக இருந்தது இந்த மிதிவெடி வேலை ஒன்றுதான். சொந்தக்காரர் எல்லோரும் மறித்தார்கள். பெண்பிள்ளை செய்கிற வேலையா, கால் போனால் ஆர் பார்ப்பது என்றார்கள். தாட்சாயினிக்குப் பயம் வரவில்லை. பயப்பட வேண்டியதை எல்லாம் அந்தக் கடைசி மாதங்களிலேயே பயந்து முடித்துவிட்டாள் போலிருந்தது. பயம் மட்டுமல்ல, வேறு சிலதும் அதோடு போய்விட்டிருந்தன. ஊர்த் திருவிழாவில் எல்லோரும் சிரிக்கும்போது அவளும் வாயை விரிப்பாள். அவ்வளவுதான்.

அந்த வேலையில் ஒரு ஒழுங்கு இருந்தது. காலையில் அணித்தலைவி ஒவ்வொருவராகக் கண்ணைப் பார்த்து, இரவு நித்திரை கெட்டதா, பிள்ளைக்குக் காய்ச்சலா, வீட்டில் சண்டையா என்று கேட்பாள். ஓம் என்றால் அன்றைக்கு அவளைக் காணிக்குள் இறக்கமாட்டார்கள். கருவி துடைக்கிற வேலையில் விடுவார்கள், சம்பளம் குறையாது. மணிக்கு ஒரு தடவை விசில் ஊதும். இருந்த இடத்தில் எல்லாவற்றையும் வைத்துவிட்டு, வெள்ளைக் கட்டை நட்ட பாதையால் நடந்து, தறப்பாள் நிழலுக்கு வந்து பத்து நிமிடம் இருக்கவேண்டும். களைப்பில்லை, தொடர்ந்து செய்கிறேன் என்று சொன்னால் ஏச்சு விழும். அம்புலன்ஸ் எப்போதும் றோட்டைப் பார்த்தபடி நிற்கும். யாருக்காவது ஒரு கீறல் என்றாலும் முழுக் காணியும் நிற்கும். எல்லோரும் வெளியே வந்து, ஆள் எண்ணி, என்ன நடந்தது என்று தெரிந்தபிறகுதான் மறுபடி கை மண்ணில் படும். ஊரில் யாரைக் கேட்டாலும் வன்னியிலேயே பொல்லாத வேலை அதுதான் என்பார்கள். தாட்சாயினி அதைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒருநாளும் நினைத்ததில்லை. வேலை என்றால் இப்படித்தான் இருக்கும் என்றுதான் நினைத்திருந்தாள்.

வேலை போனபிறகு சில மாதம் வீட்டில் இருந்தாள். வயல் வேலைக்குப் போகலாமென்றால், நெல் அருவி வெட்டுக்கு இப்போது மெசின் வருகிறது. அந்த நேரத்தில்தான் பரந்தன்–முல்லைத்தீவு றோட்டில் புதிதாக நண்டுக் கொம்பனி ஒன்று திறந்தார்கள். திறப்பு விழாவில், இனி எங்கள் பிள்ளைகள் வேலை தேடி வெளிநாடு போகத் தேவையில்லை என்று ஒலிபெருக்கியில் சொன்னது கண்டாவளை வரைக்கும் கேட்டது. களப்பிலும் கடலிலும் பிடிக்கிற நண்டு அங்கே வரும். அதை அவித்து, ஆறவைத்து, ஓட்டை உடைத்து, சதையை நார் கெடாமல் பிரித்து, பெட்டியில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். உடைப்பதும் பிரிப்பதும் பெண்களின் வேலை.

அவளைக் கொம்பனி நேரடியாக எடுக்கவில்லை. ஆள் பிடித்துக் கொடுக்கிற ஏஜென்ட் ஒருவன் இருந்தான். கொம்பனி வாசலுக்குள் போய் கொம்பனி உடுப்பைப் போட்டாலும் நீ ஏஜென்ட்டின் ஆள்தான். வேலை செய்த நாளுக்குக் கூலி; காய்ச்சல் என்று படுத்தால் ஒன்றுமில்லை. நீளமான இரும்பு மேசை, முதுகு சாய முடியாத ஸ்டூல், காலுக்குக் கீழே எந்நேரமும் தண்ணீர். நண்டுச் சதை கெடாமலிருக்க மேசை நடுவில் ஐஸ் கொட்டியிருக்கும். மெல்லிய றப்பர் கையுறைக்குள் விரல் கொஞ்ச நேரத்தில் விறைத்துப்போகும். மற்றப் பெண்கள் அதைச் சொல்லிச் சொல்லி அங்கலாய்ப்பார்கள். தாட்சாயினிக்கு அது பெரிய கரைச்சலாகத் தெரியவில்லை. உள்ளே முழுக்க இருந்த விறைப்பு இப்போது விரலுக்கும் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. மணிக்கு ஒருக்கால் அவள் கை தானாகக் கத்தியை வைத்துவிடும். எழும்பப் பார்ப்பாள். சுப்பவைசர் பிரியந்தினி, கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிற வயதுப் பெண், மேசை மேசையாக நடந்து தட்டின் நிறையைப் பார்ப்பது அவள் வேலை. “என்னக்கா, பாத்றூமோ?” என்று கேட்பாள். தாட்சாயினி தலையை ஆட்டிவிட்டு மறுபடி இருப்பாள். மதியச் சாப்பாட்டைத் தவிர எழும்புவதற்கு அங்கே வேறு நேரம் இல்லை என்பதை அவளுடைய தலை விளங்கிக்கொண்டது. கைக்கு விளங்கக் கனநாள் எடுத்தது.

பக்கத்து ஸ்டூலில் இருந்தவள் றிப்கா. முள்ளியவளைப் பக்கத்து முஸ்லிம் பெண். வடக்கு முஸ்லிம்களோடு பெற்றோரும் விரட்டப்பட்டுப் போய்ப் புத்தளத்தில் இருந்த காலத்தில் பிறந்து, சண்டை முடிந்தபிறகு உம்மாவின் காணிக்குத் திரும்பி வந்தவள். நன்றாகக் கதைப்பாள். ஒட்டுசுட்டானில் தன் மாமியின் வாழைத்தோட்டத்துக்குள் யானை புகுந்த கதையை மூன்று நாளாகச் சொன்னாள். தாட்சாயினி கேட்டுக்கொண்டிருப்பாள். பதில் சொல்லாதவளோடு கதைப்பதில் றிப்காவுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

நண்டு குவிந்து வந்த ஒரு நாள். நிறை கூட வேண்டும் என்று காலையிலிருந்தே பிரியந்தினி சொல்லிக்கொண்டிருந்தாள். மத்தியானத்துக்குக் கிட்டவாக, றிப்காவின் தட்டில் சதை சிவப்பாகக் கிடப்பதைத் தாட்சாயினி கண்டாள். றிப்கா அதைக் காணவில்லை. கதைத்துக்கொண்டே பிரித்துக்கொண்டிருந்தாள். கத்தி பெருவிரலுக்குப் பக்கத்து விரலின் அடியில் எலும்பு வரைக்கும் இறங்கியிருந்தது. விறைத்த விரலுக்கு அது தெரியவில்லை. “றிப்கா, உன்ர கை,” என்றாள் தாட்சாயினி. றிப்கா குனிந்து பார்த்தாள். கத்தியை மெல்லக் கீழே வைத்தாள்.

பிரியந்தினி ஓடி வந்தாள். முதலில் தட்டை எடுத்துத் தள்ளி வைத்தாள், பிறகுதான் கையைப் பிடித்தாள். மருந்துப் பெட்டியைத் திறந்தால் உள்ளே பஞ்சு இல்லை. நண்டு ஏற்றப் போன வான் வரும்வரைக்கும் றிப்காவைப் படியில் இருத்தித் துணியால் கட்டி வைத்தார்கள். ஒருவன் வந்து நிலத்தைக் கழுவினான். மேசையில் யாரும் எழும்பவில்லை, எழும்பினால் நிறை குறையும். ஓடு உடைகிற சத்தம் கொஞ்சமும் குறையவில்லை. வான் வந்து, றிப்காவை ஏற்றிப் போனபிறகுதான் தாட்சாயினி தன்னுடைய கைகளைப் பார்த்தாள். அவை நண்டு உடைத்துக்கொண்டிருந்தன. நடுவில் ஒரு கணம்கூட நிற்கவில்லை.

வீட்டுக்குப் போனாள். சோறு போட்டாள். தேனுகாவின் பள்ளிக்கூடச் சட்டையைத் தோய்த்தாள். விஜிதரனிடம், இன்று ஒருத்திக்குக் கை வெட்டுப்பட்டது என்று மட்டும் சொன்னாள். பெரிய வெட்டா என்று கேட்டான். தெரியாது என்றாள்.

அடுத்த நாள் கை கத்தியை வைத்தபோது அவள் மறுபடி ஸ்டூலில் இருக்கவில்லை. எழும்பி, சுவரோரம் போய், கையுறையைக் கழற்றி, இரண்டு கையையும் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு நின்றாள். மேசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

“என்னக்கா செய்யிறீங்கள்?” என்றாள் பிரியந்தினி.

“ஓய்வு.”

“ஓய்வு ஆர் தந்தது?”

“ஒருத்தரும் தரேல்லை.”

பிரியந்தினி திரும்பிப் போய்த் தட்டுகளின் நிறையைப் பார்த்தாள். நிறை குறைந்தால் ஏச்சு அவளுக்குத்தான் விழும். தாட்சாயினி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வந்து இருந்து, வேலையைச் செய்தாள். அடுத்த மணிக்கும் எழும்பினாள். அதற்கடுத்த நாளும். கோபம் என்று சொல்ல முடியாது. அவளுடைய முகத்தில் ஒன்றும் இருக்கவில்லை. பிறகு மேசைக் கோடியில் இருந்த ஒருத்தி எழும்பினாள். பிறகு இன்னும் இரண்டு பேர்.

மனேஜர் செல்வராசா கூப்பிட்டு அனுப்பினார். வவுனியா ஆள். கொழும்பில் கணக்குவேலை பார்த்தவர். குரலை உயர்த்துகிற பழக்கம் இல்லாதவர். கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். அந்தக் கட்டடத்தில் முதுகு சாய்த்து இருந்தது அவளுக்கு அதுதான் முதல்தரம்.

“உங்களுக்குப் பின்னால ஆர் நிக்கினம்?”

“ஒருத்தரும் இல்லை சேர்.”

“அப்ப என்ன கேக்கிறீங்கள்?”

“ஒண்டும் கேக்கேல்லை. எழும்பி நிக்கிறன்.”

“எல்லாரும் இப்பிடி எழும்பினா?”

தாட்சாயினி யோசித்தாள். “அப்ப எல்லாரும் நிப்பினம்,” என்றாள்.

அவள் பகிடி விடவில்லை என்பது அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். முன்பு என்ன வேலை செய்தாள் என்று விசாரித்தார். சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாங்குகிறவர்கள் விலையைக் கூட்டுகிறார்கள் இல்லை, கரண்ட் பில் ஏறுகிறது, தன்னுடைய வேலையே வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கிற வேலைதான் என்று அவளிடம் எதற்காகச் சொன்னாரோ தெரியாது, சொன்னார். கடைசியில், கவனமாக இருங்கோ என்று அனுப்பிவிட்டார்.

அந்தக் கிழமை முடிந்து, திங்கட்கிழமை கொம்பனி பஸ் வந்து நின்றபோது, சாரதி கதவைத் திறக்காமல் யன்னலால் எட்டிப் பார்த்தான். ஏஜென்ட் உங்களை ஏற்ற வேண்டாமென்று சொல்லிவிட்டான் அக்கா என்றான். அவனுக்கு அது வருத்தமாக இருந்தது. தாட்சாயினி சரி என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டுப் பெட்டியோடு திரும்பி நடந்தாள். விஜிதரன் இன்னும் வீட்டிலிருந்து கிளம்பியிருக்கவில்லை. விசயத்தைக் கேட்டுவிட்டு ஓட்டோச் சாவியை மேசையில் வைத்தான். “சும்மா இருந்திருக்கலாம்,” என்றான். ஏசுவதற்காகச் சொன்னதில்லை. அவளும் ஓம் என்றாள். பெட்டியிலிருந்த சோற்றை இரண்டு பேரும் காலையிலேயே பிரித்துச் சாப்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்தவற்றுக்கும் அவளுக்கும் பெரிய சம்பந்தமில்லை. கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலை ஒன்று பெருத்தது. இன்னொன்று புதிதாக வந்தது. இரண்டும் ஆள் போதாமல், ஊர் ஊராக பஸ் விட்டு, முதல் நாளே நியமனக் கடிதம் கொடுத்துப் பெண்களை ஏற்றின. நண்டு மேசையிலிருந்து ஒவ்வொருத்தியாகக் கழன்றார்கள். நண்டு வரத்து உச்சத்தில் இருக்கிற மாதத்தில் மேசையில் பாதி ஸ்டூல் வெறுமையாகக் கிடந்தது. உடைக்க ஆளில்லாமல் நண்டு அழுகியது. அவசரத்தில் உடைத்ததில் ஓட்டுத்துண்டு கிடந்ததென்று வெளிநாட்டிலிருந்து ஒரு தொகுதி திரும்பியது. அப்போதுதான், மனேஜர் இதுவரை கேட்டும் கிடைக்காத ஒவ்வொன்றும் கொழும்புத் தலைமையகத்திலிருந்து வரத் தொடங்கியது.

செல்வராசா மோட்டார்சைக்கிளில் கண்டாவளைக்கே வந்தார். விஜிதரன் கதிரை எடுத்துப் போட்டான். தாட்சாயினி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். ஏஜென்ட்டை நிற்பாட்டியாயிற்று, இனிக் கொம்பனியே நேரடியாக ஆள் எடுக்கிறது என்றார். வயது போனால் எடுக்கச் சேமலாப நிதி உண்டு, சம்பளத்தோடு லீவு உண்டு. காலையிலும் பின்னேரமும் ஓய்வு, கைநனைக்கச் சுடுதண்ணித் தொட்டி, உள்ளே துணி வைத்த கையுறை, சாய்மானம் உள்ள கதிரை, முதலுதவி படித்த ஒரு பிள்ளை எல்லாம் வந்துவிட்டன. நீங்கள் திரும்பி வரவேண்டும் என்றார். அவள் எழும்பி நின்றதால்தான் இது வந்தது என்று அவர் சொல்லவில்லை. அவளும் அப்படி நினைக்கவில்லை. அன்றைக்கு அவளோடு எழும்பியவர்களில் இரண்டு பேர் இப்போது தையல் மெசினுக்கு முன்னால் இருந்தார்கள்.

“றிப்காவையும் எடுப்பீங்களோ சேர்?” என்று கேட்டாள்.

றிப்காவின் விரல் மடங்காமல் நின்றுவிட்டது. அந்தக் கையால் சதை பிரிக்க முடியாது. வெட்டுப்பட்ட நேரம் அவள் ஏஜென்ட்டின் ஆளாக இருந்தவள், கொம்பனியின் பொறுப்பில் அது வராது என்றார் செல்வராசா. சொல்லும்போது தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாட்சாயினி நியமனக் கடிதத்தில் கையெழுத்து வைத்தாள்.

போனாள். எல்லாம் அவர் சொன்னபடிதான் இருந்தது. கதிரை நன்றாக இருந்தது. சுடுதண்ணியில் கையை வைத்தால் விரல் நுனிக்கு உயிர் வரும், வரும்போது நோகும். மற்றப் பெண்கள் நொந்து சிரித்தார்கள். புதிதாக வந்தவர்கள், நல்ல இடம் என்று ஊரில் சொன்னார்கள். பிரியந்தினிக்குக் கல்யாணம் சரிவந்தது. எல்லோருக்கும் லட்டு கொடுத்தாள். தாட்சாயினி தன் லட்டை மகளுக்கு என்று துணியில் சுற்றி வைத்தாள்.

ஒருநாள் றிப்காவின் நானா, அதுதான் அண்ணன், ஸாஜித் சந்தியில் விஜிதரனைத் தேடிப் பிடித்தான். தங்கச்சிக்கு நட்டஈடு கேட்டுத் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு வைத்திருக்கிறார்களாம். கை வெட்டுப்பட்டது வீட்டில் தேங்காய் உடைக்கும்போது என்று ஏஜென்ட் சாதிக்கிறானாம். பார்த்தவர்கள் ஒருவராவது வந்து சொல்லவேண்டும். மேசையில் இருந்த எல்லோரையும் கேட்டாயிற்று, ஒருவரும் வரமாட்டோம் என்கிறார்கள். விஜிதரன் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னான். சொல்லிவிட்டு, இப்ப நிரந்தரமான வேலை, யோசித்துச் செய் என்றான். தாட்சாயினி யோசித்ததாகத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை லீவு போடுகிறேன் என்றாள்.

தொழில் அலுவலகத்தில் காற்றாடி சுற்றியது. ஒரு பக்கம் ஏஜென்ட்டும் கொம்பனியிலிருந்து வந்த ஒருவரும், மறுபக்கம் றிப்காவும் ஸாஜித்தும். றிப்கா முந்தானைக்குள் கையை வைத்திருந்தாள். அதிகாரி, நடுத்தர வயதுப் பெண், பொறுமையாகக் கேட்டார். என்ன நடந்தது என்று தாட்சாயினி ஒன்று விடாமல் சொன்னாள். தட்டு சிவந்தது, பெட்டியில் பஞ்சு இல்லாதது, வான் வர நேரமெடுத்தது, நிலம் கழுவினது. கடையில் என்ன வாங்கினேன் என்று சொல்வது போலச் சொன்னாள்.

“அந்த நேரம் நீங்கள் என்ன செய்து கொண்டிருந்தனீங்கள்?” என்று அதிகாரி கேட்டார்.

“நான் நண்டு உடைச்சுக் கொண்டிருந்தனான்.”

“அதுக்கு முன்னம் எண்டு கேக்கேல்லை. அவாக்கு ரத்தம் ஓடேக்க.”

“ஓம். அப்பவும் உடைச்சுக் கொண்டுதான் இருந்தனான். எல்லாரும் உடைச்சம்.”

அதிகாரி எழுதிக்கொண்டிருந்த பேனையை நிறுத்தி அவளைப் பார்த்தார். ஏஜென்ட் தேங்காய்க் கதையை அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

வெளியே வந்ததும் றிப்கா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். நட்டஈடு கிடைத்தால் இடியப்ப மெசின் ஒன்று வாங்கப் போகிறாளாம். ஒரு கையால் ஓட்டக்கூடியது வந்திருக்கிறதாம். முள்ளியவளைக் கடைகளுக்குக் கொடுக்கலாமாம். பஸ் வரும்வரைக்கும் கதைத்தாள். தாட்சாயினி கேட்டுக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் ஏறும்போது றிப்கா, “வேலைக்கு ஏதும் பிரச்சினை வருமோ அக்கா?” என்றாள். கவனமாகப் போ என்றாள் தாட்சாயினி.

பிரச்சினை வரவில்லை. ஆளில்லாத காலத்தில் யாரையும் நிற்பாட்ட அவர்களுக்கு மனம் வரவில்லை போலும். ஏஜென்ட் இழுத்தடித்து, கடைசியில் ஒரு தொகையைக் கட்டினான். றிப்கா கேட்டதைவிடக் குறைவுதான், ஆனால் மெசின் வாங்கக் காணும். ஸாஜித் சந்திக்கு வந்து விஜிதரனிடம் ஒரு பார்சல் இடியப்பம் கொடுத்துவிட்டுப் போனான்.

மாரி தொடங்கியபோது, எடுக்காவிட்டால் அழிந்துபோகும் லீவு இருக்கிறது என்று பிரியந்தினி ஞாபகப்படுத்தினாள். தாட்சாயினி ஒரு நாள் கேட்டாள். என்ன காரணம் எழுத என்றாள் பிரியந்தினி. கல்யாண வீடு, செத்த வீடு, ஆசுப்பத்திரி என்றுதான் மற்றவர்கள் எழுதுவார்கள்.

“ஒண்டுமில்லை. வீட்டில இருக்க,” என்றாள்.

“சரி அக்கா,” என்று எழுதிக்கொண்டாள்.

அந்த நாள் விடியவே மழை. தேனுகாவை அனுப்பிவிட்டு, குசினியை ஒதுக்கிவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் கட்டிலில் இருந்தாள். பிறகு சரிந்தாள். மத்தியானம் சவாரி இல்லாமல் திரும்பிய விஜிதரன் படலையடியில் வந்தபோது, திறந்த யன்னலால் அவள் வாய் திறந்து நித்திரை கொள்வது தெரிந்தது. பகலில் அவள் படுத்து அவன் கண்டதில்லை. ஓட்டோவை அங்கேயே நிற்பாட்டி, எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினான். இடுப்பு நொந்தது. மழைக்குள் ஓட்டோவை மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டு முற்றத்துக்குள் வந்தான்.